காலர் மெஷினும் சில்லுமூக்கும்

என் நாத்தனாருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அதைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே தையல்கூடத்தில் வேலை பார்க்கிறோம். டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டுதான் எங்கள் சரக்கு. தரையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்ட வந்தவள் அவள். அப்புறம் பொத்தான், அப்புறம் கோட்டின் கைப்பகுதி என்று ஏறி, கடைசியில் காலர் மெஷினைப் பிடித்தாள். காலர் சுருங்காமல் நிற்க வேண்டும். அது எல்லோருக்கும் வராது. எனக்கு வரவில்லை, சொல்வதற்கென்ன.

அவளுக்குச் சில்லுமூக்கு. இஸ்திரிப் பெட்டிகளின் சூட்டில் காற்று காய்ந்துபோனால் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிவிடும். எங்கள் கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ரத்தம் வந்தால் முதலில் துணியைக் காப்பாற்று. விரலில் ஊசி ஏறினால் கையைத் தூக்குவோம். மூக்கில் வந்தால் அண்ணாந்துகொள்வோம். போன மாதம் அவளும் அப்படித்தான் அண்ணாந்தாள். ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய், குமட்டி, ஒரு கட்டு காலர் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். கட்டிங் மாஸ்டர் முகம் கறுத்துவிட்டது.

"இன்னொரு தடவை துணி மேல பட்டுச்சுன்னா, நீ பேக்கிங்குக்குப் போயிடும்மா" என்றார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு தெருக்கோடி கிளினிக்குக்குப் போனாள். அண்ணாந்த கதையைக் கேட்டதும் அங்கிருந்த நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"உட்கார்ந்து முன்னாடி குனியணும். எலும்புக்குக் கீழ, மூக்குல மெத்துன்னு இருக்கிற இடத்தை ரெண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடிங்க. வாயால மூச்சு விடுங்க. வாய்க்கு வர்றதைத் துப்பிடுங்க. முழுசா பத்து நிமிஷம், நடுவுல எடுத்துப் பார்க்கவே கூடாது. நிக்கலைன்னா இன்னொரு பத்து நிமிஷம். அப்பவும் நிக்கலைன்னா, இல்ல தலையில அடிபட்டு வந்துச்சுன்னா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். நின்னுட்டாலும் அன்னைக்கு முழுக்கப் பாரம் தூக்கக் கூடாது."

"குனிஞ்சா துணியில படுமே?" என்று கேட்டேன். நான் அந்தக் கூடத்து ஆள் அல்லவா!

போன வாரம் மறுபடி வந்தது. மாஸ்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார். முதல் சொட்டு காலர் நுனியில் விழுந்துவிட்டது.

"தலையைத் தூக்கு! தூக்கு!" என்று கத்தினார். பழக்கதோஷம், நானும் ஓடிப்போய் அவள் மோவாயை நிமிர்த்தப் பார்த்தேன். பட்டென்று என் கையில் ஒன்று வைத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி, பிசிறு போடும் டப்பாவைக் காலால் இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி குனிந்துவிட்டாள்.

"கறை காயுது, எழுந்து அலசு!" என்றார் மாஸ்டர்.

"அண்ணி, பச்சத்தண்ணியில அலசுங்க. வெந்நீர் வேணாம்." குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது அவள் குரல்.

அலசினேன். அப்படியும் மங்கலாக ஒரு பழுப்பு நின்றுவிட்டது. அந்த மெஷின் போய்விட்டால் அவள் உடைந்துபோவாள் என்று எனக்குத் தெரியும்.

"நின்னிருக்கும், கையை எடுத்துப் பாரு" என்று மாஸ்டர் அவசரப்படுத்தினார். அவள் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. இவளைப் போய் இத்தனை வருஷம் திட்டினேனே என்றிருந்தது.

நேரம் முடிந்ததும் மெல்லக் கையை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, வெள்ளை நூல் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டு மென்றாள். அவரவர் ரத்தக் கறைக்கு அவரவர் எச்சில்தான் என்பது தையல்காரர்களின் வைத்தியம். அந்த ஈர உருண்டையால் பழுப்பை ஒற்றி ஒற்றி எடுத்தாள். மாஸ்டர் காலரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. மன்னிப்பா கேட்பார்? அடுத்த காலர்க் கட்டைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டார்.

"இன்னைக்கு நான் பாரம் தூக்கக் கூடாது மாஸ்டர்" என்றாள். "கட்டை மேஜை மேல எடுத்து வெச்சு, முடிச்சையும் அவுத்துடுங்க. காலர் நான்தானே தைக்கணும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாஸ்டர் குனிந்து கட்டைத் தூக்கினார்.