சிப்பியோடு செஞ்சிக்கு

காலை 8.10. பயணம் எழுதுகிறவர்கள் இமயமலைக்குப் போவார்கள். நான் போனது சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு, ஐந்து கிலோமீட்டருக்குள். சிரிக்காதீர்கள், எங்களோடு கடலும் பஸ் ஏறியது.

என் மகள் கயல் ஒன்பதாவது படிக்கிறாள். அறிவியல் கண்காட்சிக்காக அவள் மூங்கில் கட்டி, காகிதம் ஒட்டிச் செய்த ராட்சதச் சிப்பி என் மடியில் இருந்தது. நிஜச் சிப்பி ஒரு மீட்டருக்கு மேல் வளருமாம். அவள் கையில் தண்ணீரும் ஜிகினாத்தூளும் கலந்த பாட்டில். நீரோட்டம் இழுத்த பக்கம் போகும் மிதவை உயிரிகளாம் அந்தத் தூள். இரண்டையும் ஒப்பிட்டுப் பேச வேண்டும். விழுப்புரம் போட்டிக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள்.

"இன்னாப்பா இது? லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"சிப்பிண்ணா" என்றாள் கயல்.

"ஆம்பளயா பொம்பளயா? பொம்பளன்னா ஃப்ரீ."

"ஒரே சிப்பி ரெண்டுமாவும் இருக்கும்ண்ணா. நெசமாத்தான்."

பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் ஏழு ரூபாய் டிக்கெட்.

8.35. செஞ்சி பஸ் நிலையம். நாங்கள் இறங்குவதற்குள் கூட்டம் ஏறியது. யாரோ தூக்கிவந்த வேர்க்கடலை மூட்டை சரிந்து சிப்பியின் மேல் விழுந்தது. அப்பளமாக நொறுங்கிவிட்டது. நான் கத்தித் தீர்த்தேன். கயல் அழுதாள். பிறகு துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா நைனா, பாட்டில் இருக்குது" என்றாள்.

11.00. பள்ளிக்கூட அறை. வந்த நடுவர், "தலைப்புல சிப்பின்னு இருக்கே, எங்கம்மா?" என்றார்.

கயல் பாட்டிலைக் குலுக்கிக் காட்டினாள். "இதுக்குள்ளதான் சார் இருக்குது. முட்டையிலேர்ந்து வந்தப்போ சிப்பியும் மிதவை உயிரிதான். கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச நாள் அலைஞ்சிட்டுதான் ஒரு எடத்துல உக்காந்து பெருசாவும். அப்பவும் அதோட சதைக்குள்ள பொடிப்பாசி குடியிருந்து, வெயில்ல சோறாக்கிப் போடும். சின்னது இல்லாம பெருசு பொழைக்காது சார்."

"நீ கடலைப் பாத்திருக்கியா?"

"இன்னும் இல்ல சார்."

மூன்று மணிக்கு முடிவு சொன்னார்கள். கயல்தான்.

மாலை 5.20. திரும்பும்போதும் அதே பஸ். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நான் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிப்பி எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

அவள் பாட்டிலை நீட்டினாள். "இதுலதாண்ணா. இனிமேதான் பெருசாவும். விழுப்புரம் போவுது."

"அட! யாரு பொண்ணும்மா நீ?" காலையில் எங்களைச் சேர்த்துப் பார்த்தவர்தான், வேண்டுமென்றே கேட்டார்.

ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "என் பொண்ணு!"