கட்டம் கட்டமாக அப்பா

கல்யாண வீடியோ என்றாலே எனக்கு இன்றும் குமட்டும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பெரிய மார்க்கெட் பக்கத்து மாடிக்கடை ஒன்றில் எடிட்டராக இருந்தேன். முதலாளி டேப்பில் பிடித்து வருவார். நான் வெட்டி ஒட்டி, பேச்சை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டு, படத்தைச் சுருக்கி சி.டி.யில் ஏற்றுவேன். காட்சிக்குக் காட்சி படம் மெல்ல வெளுத்து மறைய வேண்டும். இந்த ஃபேட் இல்லாத கல்யாணத்தை முதலாளி கல்யாணமாகவே மதிக்க மாட்டார்.

சுருக்குகிற மென்பொருள் படத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முந்தைய படத்தில் எங்கிருந்து நகர்ந்து வந்தது என்று தேடும். ஃபேடில் எதுவும் நகர்வதில்லை, வெளிச்சம்தான் மாறுகிறது. அது புரியாமல் எங்கெங்கோ தேடி, முகத்தைச் சதுரம் சதுரமாகச் சிதைத்துவிடும். ஃபேடைக் கண்டுபிடித்துச் சமாளிக்க அதிலேயே ஒரு வசதி இருந்தது. ஒரு டிக் போட்டால் போதும். ஆனால் வேலை இரண்டு மடங்கு நேரம் இழுக்கும்.

"எவன் உத்துப் பாக்கப் போறான்? டிக்க எடுத்துவுடு" என்றார் முதலாளி. எடுத்துவிட்டேன்.

குருசுக்குப்பத்திலிருந்து பிள்ளைச்சாவடிக்கு வாக்கப்பட்டுப் போன ஒரு பெண் சி.டி.யோடு வந்தாள். கல்யாணம் முடிந்த மாதமே அவள் அப்பா இறந்திருந்தார். அவர் அட்சதை போட்டு வாழ்த்தும் இடத்தில் முகமே தெரியவில்லை என்றாள். போட்டுப் பார்த்தேன். நான் வைத்த ஃபேட்.

"பிளேயர்ல கோளாறும்மா" என்றேன், வாய் கூசாமல். எல்லோருக்கும் நாங்கள் சொல்லும் பதில் அதுதான். சே, என்ன பிழைப்பு!

மறுவாரம் புது பிளேயரையே அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டாள்.

"இதுலயும் அப்பா கட்டம் கட்டமாத்தாண்ணா வர்றாரு. டேப்புல நல்லா இருக்கும் இல்ல? அதப் போடுங்க."

அந்த டேப்பில் அதற்குள் வேறு கல்யாணம் பிடித்தாயிற்று. ஒரே டேப்பை அழித்து அழித்துப் பிடிப்பதுதான் கடை வழக்கம். சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை.

"நான் கால்ல வுழுந்து கெடந்தேன், மொகத்தப் பாக்கல" என்றாள். "நீங்க பாத்திருப்பீங்க. அப்பா அழுதாரா, சிரிச்சாராண்ணா?"

அந்த இடத்தைப் பத்துத் தடவையாவது ஓட்டிப் பார்த்தவன் நான். முகத்தைப் பார்க்கவில்லை. எந்த நொடியில் வெளுக்கத் தொடங்க வேண்டும் என்று மட்டும் பார்த்தேன்.

"சிரிச்சாரும்மா" என்றேன்.