குருவம்மா அக்கா விரித்த ஆறு

குருவம்மா அக்கா இறந்த செய்தி முதலில் எனக்குத்தான் வந்தது. நம் நாடகக் குழுவின் வாட்ஸப்பில் போட்டேன். ஒருவரும் நம்பவில்லை. “ஏலே, விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா?” என்று திட்டினீர்கள். அக்காவின் தம்பி வந்து சொன்ன பிறகுதான் அழுதீர்கள். ஊரை ஏமாற்றியே பழகியவனுக்கு இது வேண்டியதுதான். அக்கா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்த்தவர். அங்கே கலர் சரிபார்க்க ஒரே தாளைத் திரும்பத் திரும்ப மெஷினில் விடுவார்கள். முருகன் காலண்டர் மேல் பட்டாசு லேபிள், அதன் மேல் தீப்பெட்டிப் படம் என்று ஏறிக் கிடக்கும். கழித்துப் போடும் அந்தத் தாள்கள்தான் அக்காவுக்கு மேடை. வசனமே இல்லாமல் முழுக்கப் பாடியே நடத்தும் நம் இசை நாடகத்துக்கு, தீபாவளி சீசன் வேலைக்கு நடுவே இரண்டு மாதம் ஒட்டி, மூன்று சாய்ந்த பலகைகளை நிறுத்தினார். தரையில் குறுக்கே ஒரு நீள வெள்ளித்தாள். அவ்வளவுதான்.

நாரணாபுரத்தில் ஒத்திகை பார்க்க வந்த நம் தலைவர் அண்ணாச்சி மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“அரண்மனை எங்கன? ஆறு எங்கன? போஸ்டர் கிழிஞ்சு கெடக்குன்னு சனம் சிரிக்கும்மா. படம் வரைஞ்ச படுதாவ வாடகைக்கு எடுத்துருவோம்.”

பட்டாசு ஊரில் படுதாவுக்காக வெடித்த சண்டை அது. திரியைப் பற்ற வைத்தது நான். முந்தின நாளே வெள்ளித்தாள் பக்கத்தில் ‘ஆழம் அதிகம். குளிக்காதீர்’ என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் படித்ததும் அண்ணாச்சிக்குக் கோபம் கூடிவிட்டது. இரண்டு மாத உழைப்பு என் குறும்பால் குப்பைக்குப் போகப் பார்த்தது.

அக்கா திட்டவில்லை. நான் ஒட்டியதை மட்டும் கிழித்தார். “கண்ணுக்கு முழுச் சோத்தையும் ஊட்டக் கூடாதுலே. பாதிய அதுவா திங்கட்டும்.” பிறகு அண்ணாச்சியிடம், “ஒரு பாட்டு கேளுங்க அண்ணாச்சி. பிடிக்கலன்னா நானே பிரிச்சிருதேன்” என்றார்.

ராஜா வேடம் எனக்கு. வெள்ளத்தில் போன மனைவியைக் கரையில் நின்று கூப்பிடும் பாட்டு. அன்று சேட்டை எதுவும் இல்லாமல் பாடினேன். விளக்கு பட்டு வெள்ளித்தாள் நெளிந்தது. அதில் கால் வைக்க எனக்கே பயமாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி மேடையேறி என் தோளைத் தட்ட வந்தார். வெள்ளித்தாள் குறுக்கிட்டதும் நின்றார். வேட்டியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு தாண்டினார்.

“தண்ணி எம்புட்டு இருக்கு அண்ணாச்சி?” என்றார் அக்கா.

அண்ணாச்சி குனிந்து தன் காலைப் பார்த்தார். மெல்ல வேட்டியை இறக்கினார். “முழங்காலளவுதான் தாயி. படுதா வேண்டாம்.”

அந்த வெள்ளித்தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் அக்காவின் படத்துக்கு முன்னால் விரித்து வைப்பேன். பக்கத்தில் எதுவும் எழுதி ஒட்ட மாட்டேன். மாலையோடு வருகிறவர்கள் வேட்டி சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வாருங்கள்.