அடுத்த வருஷத்துக்கான போர்டு

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா ஆண்டில் பிறந்தவர் என் அண்ணன். ஐம்பது வயதை எட்டும் முன்பே அவர் உடலில் கண்களும் கழுத்தும் வலது ஆள்காட்டி விரலும் மட்டுமே அசைந்தன. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். அறிவுக்கும் நினைவுக்கும் ஒன்றும் ஆகாது. குரல் முன்பே போய்விட்டது.

மலாக்காவின் கஜா பேராங்கில், கம்போங் செட்டி என்ற செட்டிகளின் குடியிருப்புக்குத் திரும்பும் சாலையோரம் இருந்தது அவருடைய வீடு. முன் அறையில் கட்டிலுக்கு எதிரே ஒரு பழைய கணினி. திரையில் ரோமன் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிர்ந்து நகரும். வேண்டிய எழுத்து ஒளிரும்போது விரலால் மௌஸை அழுத்துவார். தமிழையும் மலாயையும் அந்த எழுத்துகளிலேயே அடிப்பார். ‘தலையணை’ என்று அடித்து முடிப்பதற்குள் அண்ணி தலையணையைச் சரிசெய்துவிட்டுத் துணி காயப்போடவும் போய்விடுவார்.

அண்ணிக்கு அந்தக் கணினியே தேவைப்படவில்லை. அட்டையில் எழுத்துகளை எழுதி அண்ணனின் கண் போகும் இடத்தைப் பார்த்தால் போதும் என்பார். அப்படிப் பார்த்தும் வந்தார். ஆனால் முதல் எழுத்து தெரிந்ததுமே சொல்லை அண்ணியே முடித்துவிடுவார். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். அது ஆமாம் என்பதா, அலுப்பா என்று எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. மூச்சு விரைவில் தளரும், அப்போது தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து மூச்சு இயந்திரத்தில் இணைக்கலாம் என்றார். இணைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம், கட்டிலை விட்டு எழ முடியாது. இணைக்காவிட்டால் மாதங்கள்தான். அண்ணி உடனே, “போடுங்க டாக்டர்” என்றார். டாக்டர் அண்ணனைப் பார்த்தபடியே பேசினார்: “இவர் சொல்லணும். கண் சிமிட்டுறது போதாது. யோசிச்சு, இவருடைய வார்த்தையில சொல்லணும். அவசரமில்லை.”

அவசரம் இருந்தது. விரல் போய்க்கொண்டிருந்தது.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்காச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். பகலில் அண்ணன் வீட்டுக்குப் போய்வர முடிந்தது. நெற்றியில் ஒட்டிய கறுப்புப் பொட்டை ஒரு சிறு கேமரா கவனிக்கும், தலை அசையும் பக்கம் திரையில் அம்பு நகரும், அம்பு நின்ற எழுத்து பதிவாகும் என்று ஒரு இலவச மென்பொருள் இருந்தது. இணையத்தில் அதைக் கண்டுபிடித்தது அண்ணன்தான். பத்து பெரெண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் சிலிக்கான் சில்லுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துத் தரம் பிரித்தவர் அவர். இயந்திரம் என்றால் அவருக்குப் பயமில்லை. ஆனால் பழைய கணினியில் மென்பொருளைத் திறந்ததும் அம்பு ஒரே இடத்தில் உறைந்து நின்றது. கேமரா படத்தை விடாமல் அலசும் வேகம் அந்தப் பிராசசருக்கு இல்லை.

புதுக் கணினி வாங்க வசதியில்லை. பெட்டி, திரை, வட்டு எல்லாம் பழையதாக இருக்கட்டும், மதர்போர்டையும் பிராசசரையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவானது.

பக்கத்துக் கடைவரிசையில் கணினிப் பாகங்கள் விற்றவர் ஒரு செட்டி இளைஞர், தலைமுறைகளுக்கு முன்பே மலாய் வீட்டுமொழியாகிப்போன மலாக்காத் தமிழ் வம்சம். தமிழ் பேசமாட்டார், எங்களிடம் அவர்களுடைய மலாய்தான். ஆனால் அண்ணியை ‘அக்கா’ என்றே கூப்பிடுவார், அந்தச் சொல் அவர்கள் வீட்டிலும் உண்டு. எங்கள் பணத்துக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, புதிதாக வந்த ரக போர்டு. அதில் இப்போதைக்கு வேகம் குறைந்த, மலிவான பிராசசர் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வருஷம் விலை இறங்கியதும் அதே போர்டில் வேகமானதைப் பொருத்தலாம். மற்றொன்று, வழக்கொழியப் போகும் பழைய ரக போர்டு. அந்த ரகத்தில் வெளிவந்த பிராசசர்களிலேயே வேகமானதைத் தள்ளுபடியில் தருவார். அதற்கு மேல் அந்தப் போர்டில் எதையும் பொருத்த முடியாது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை.

“எல்லாரும் முதல் வழியைத்தான் எடுப்பாங்க” என்றார். “அதுக்குத்தானே எதிர்காலம் இருக்கு.”

நான் வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் அடிக்கத் தொடங்கினார். விரல் பாதி நேரம் மௌஸை அழுத்தவில்லை. அண்ணி அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தபோது திரையில் ஒரே ஒரு சொல் இருந்தது: பழசு.

“பழசா?” அண்ணி என்னைப் பார்த்தார். “தம்பி, நீங்க சரியா சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன் அண்ணி. இப்பவே வேகமா இருக்கிறது அதுதான்.”

“அடுத்த வருஷம்?”

அண்ணன் மறுபடி அடித்தார். நாங்கள் காத்திருந்தோம். ‘அடுத்த வருஷம் நீ வேணும்னா மாத்திக்க’ என்று வந்தது.

“இந்த நக்கல்தான் வேணாங்கிறது” என்றார் அண்ணி. “வாய் போயும் வாய்க்கொழுப்பு போகல. அடுத்த வருஷம் நீங்களே உக்காந்து நல்லதா வாங்குங்க. யாரு தடுத்தா?”

அவர் அடுப்படிக்குப் போனார். அங்கிருந்தும் குரல் வந்தது. “சாவப்போற ஆளுக்கு வாங்குற சாமான வாங்கிட்டு வந்து வைக்கச் சொல்றாரு இந்த வூட்ல.”

அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிலுக்கு எதையோ தேடிய விரல் நின்றுவிட்டது.

மறுநாள் அண்ணியே கடைக்கு வந்தார். இரண்டு போர்டுகளையும் மேசைமேல் வைத்து இளைஞர் விளக்கினார். கடைசிவரை கேட்டுவிட்டு, எது அடுத்த வருஷம் மாற்றக்கூடியது என்று அண்ணி விரல் நீட்டிக் கேட்டார். அதை வாங்கினார்.

மென்பொருள் ஓடியது. அம்பு நகர்ந்தது, ஆனால் உடனே நகரவில்லை. அண்ணன் கழுத்தை இடப்பக்கம் சாய்ப்பார், கொஞ்சம் பொறுத்து அம்பு புறப்படும். அதை நிறுத்தக் கழுத்தைத் திருப்புவதற்குள் எழுத்தைத் தாண்டிப் போயிருக்கும். திரும்பி வரும்போதும் தாண்டும். அவருடைய கழுத்துத் தசையில் நாளொன்றுக்கு இருந்த பலம் கொஞ்சம்தான், அது அம்பைத் துரத்துவதிலேயே தீர்ந்தது. அந்த வாரத்தில் விரலும் முழுக்க நின்றது. பழைய முறைக்குத் திரும்பவும் வழியில்லை. அண்ணி அட்டையை எடுத்து அவருடைய சொற்களை முடித்துவைக்கத் தொடங்கினார்.

திரையின் மேல் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் உண்டு. அம்பு அதன்மேல் நின்றால் கணினி மணியடிக்கும். அண்ணி பின்கட்டில் இருந்தால் கூப்பிட அது ஒன்றுதான். ஒரு காலையில் அண்ணனின் தொண்டையில் சளி அடைத்தது. அண்ணி குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். மணி அடிக்கவில்லை. ஏதோ நினைத்து உள்ளே வந்தபோது அண்ணனின் முகம் கறுத்திருந்தது. உறிஞ்சு குழாயை வைத்துச் சளியை எடுத்தார், மூச்சு வந்தது. திரையில் அம்பு சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் இப்படியும் அப்படியும் போய்வந்துகொண்டிருந்தது என்றார். அண்ணனின் தலை நின்ற பிறகும் அது நகர்ந்ததாம்.

நான் போனபோது கணினிப் பெட்டி வாசலில், ஒரு பழைய கைலியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அண்ணி அழுத முகத்தைக் கழுவியிருந்தார். அண்ணனைப் பார்த்துக்கொள்ளக் கோயிலடி வீட்டு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்.

“வண்டிய எடுங்க தம்பி.”

கடையில் அண்ணி இதைக் கொடுத்துவிட்டு அந்தப் பழைய ரக போர்டைக் கேட்டதும் இளைஞர் தயங்கினார். பயன்படுத்திய சாமானைத் திரும்ப எடுத்தால் பாதி விலைதான் கிடைக்கும் என்றார். பிறகு, மறைக்கக்கூடாது என்பதுபோல இன்னொன்றும் சொன்னார். “அக்கா, இதோட இது முடிஞ்சது. பின்னால எதையும் மாத்த முடியாது. யோசிச்சுக்குங்க.”

“போலே” என்றார் அண்ணி மலாயில். சரி, பரவாயில்லை. “மணி உடனே அடிக்கணும். எனக்கு அதுதான்.”

அன்று மாலையே மணி அடித்தது. அண்ணன் தலையை இம்மி அசைத்தால் அம்பும் இம்மி அசைந்தது. நின்றால் நின்றது. அண்ணி கட்டிலருகே நின்று, “இன்னொரு தடவ அடிங்க” என்று கேட்டு, பின்கட்டு வரை போய்க் காதுகொடுத்துவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. அதன்பிறகு அண்ணன் நிறைய எழுதினார். காற்றாடியைக் குறை. இந்தச் சட்டை வேணாம். உன் தலைமுடி ஏன் இப்படி நரைச்சுப்போச்சு. தம்பி, உன் பேப்பர்ல இன்னிக்கு முதல் பக்கம் குப்பை. சொற்களை இப்போது அவரே முடித்தார். அண்ணி எதையாவது முந்திச் சொன்னால் ‘இல்லை’ என்று அடித்துவிட்டு மீதியை எழுதினார்.

டாக்டர் வந்தது ஒரு வியாழக்கிழமை. இரத்தத்தில் பிராணவாயுவைப் பார்த்தார், மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, முன்பு கேட்டதைப் பற்றி ஏதாவது யோசித்தீர்களா என்று மலாயில் கேட்டார். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அன்னிக்கே சொன்னோமே டாக்டர்” என்றார்.

அம்பு அதற்குள் நகரத் தொடங்கியிருந்தது. எங்கேயும் தாண்டவில்லை, எங்கேயும் திரும்பவில்லை. டாக்டருக்குப் புரியவேண்டும் என்பதற்காக அண்ணன் மலாயில் அடித்தார். தொண்டையில் துளை வேண்டாம். இயந்திரம் வேண்டாம். வீட்டிலேயே இருக்கிறேன்.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

“அம்பு வழுக்கியிருக்கும்” என்றார் அண்ணி. முதலில் தமிழில் சொன்னவர், பிறகு மலாயில் டாக்டரிடம் சொன்னார். “இந்த மெஷின் இப்படித்தான். பழைய ரகம். சில நேரம் தப்புத் தப்பாப் போகும்.”

அண்ணன் அடுத்த வரிக்குப் போனார். இந்தமுறை தமிழில். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பிழையில்லாமல் விழுந்தன. அவர் முடிக்கும்வரை அண்ணி வாயைத் திறக்கவில்லை.

‘எனக்கு வேணாம். நீ கோவிச்சுக்காத.’

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இது என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணியைக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். டாக்டர் காத்திருந்தார்.

“சாமா” என்றார் அண்ணி மலாயில். அதேதான்.