துண்டுக்குள் இருந்த விரால்

முப்பத்தாறாம் வருஷம் அயனம்பாக்கம் ஏரியின் மீன் குத்தகை கோதண்டத்திடம் இருந்தது. ஏரிக்குக் கீழே இருந்த வயலும் அவருடையது. அவருடைய பண்ணையாள் வேம்புலியின் குடிசை நின்ற மண்ணும் அவருடையது. அந்த ஏரியில்தான் வேம்புலி ஒரு விராலைப் பிடித்தான். திருட்டுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அவன் மனைவி தாயம்மா பிள்ளை பெற்று ஒன்பது நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. பால் வற்றிக்கொண்டு வந்தது.

கரையேறும்போது கோதண்டமே எதிரே வந்தார். ஆண்டையைக் கண்டால் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும். வேம்புலி மீனைத் துண்டில் சுருட்டி இடுக்கிக்கொண்டான்.

"காலையில நடவு. உன் பொண்டாட்டியும் வரணும்டா."

"அது இன்னும் எழுந்து நிக்கலீங்க ஆண்டே. அதை வயல்ல எறக்கினா நான் சும்மா இருக்க மாட்டேன்."

ஆயுசில் அவன் எதிர்த்துச் சொன்ன சொல் அது ஒன்றுதான். கோதண்டத்தின் கண் கக்கத்துக்குப் போனது. துண்டுக்குள் நீளமாக, விறைப்பாக ஏதோ இருந்தது.

"உள்ள இன்னாடா?"

"ஒண்ணுமில்லீங்க."

சொல்லிவிட்டு இன்னும் இறுக்கிக்கொண்டான். கோதண்டம் வந்த வழியே திரும்பிவிட்டார். நிஜமாகவே பயந்துதான் போனார், அதில் பொய் இல்லை.

தாயம்மா குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். துண்டில் மீன் வாடை ஏறியிருந்தது. திருட்டு தெரிந்தால் குடிசை போய்விடும். முள்ளை அடுப்பில் போட்டு எரித்தாள். காய்ச்சல் உடம்போடு எழுந்துபோய், உவர்மண் போட்டு, வாடை போகும்வரை துண்டைத் தேய்த்தாள்.

காலையில் கோதண்டத்தின் புகாரின்பேரில் போலீஸ் வந்தது. மீனைத் தேடி அல்ல, அரிவாளைத் தேடி. அரிவாள் அகப்படவில்லை, வேலியில் காய்ந்த துண்டை எடுத்துக்கொண்டு வேம்புலியைக் கூட்டிப் போனார்கள். அன்றைக்கே தாயம்மா நடவில் இறங்கினாள். இறங்காவிட்டால் குடிசையில் யார் இருக்க விடுவார்கள்?

கோர்ட்டில், துண்டுக்குள் இருந்தது விரால் என்று வேம்புலி சொன்னான். யாரும் நம்பவில்லை. தாயம்மா குழந்தையோடு கூண்டில் ஏறினாள்.

"அது மீனுங்க சாமி. நான்தான் துன்னேன்."

"முள் எங்கே?" என்றார் மாஜிஸ்திரேட்.

"எரிச்சுட்டேனுங்க."

"துண்டை ஏன் துவைத்தாய்?"

"வாடை வருதேன்னு பயந்துகினு..."

மாஜிஸ்திரேட் துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். குறை சொல்லக்கூடாது, மனிதர் முகர்ந்தார். பிறகு, ஆயுதம் அகப்பட வேண்டிய அவசியமில்லை, ஆயுதம் என்று நம்பும்படி வைத்துக்கொண்டு மிரட்டியதும் எதிராளி பயந்ததும் போதும் என்று எழுதி, ஆறு மாதம் போட்டார்.

நாலாம் மாதம் சீதபேதியில் வேம்புலி ஜெயிலிலேயே செத்துப் போனான். உடம்பைக்கூடத் தரவில்லை. பல நாள் கழித்து, கோர்ட்டுச் சீட்டு கட்டிய துண்டு மட்டும் வந்தது. தாயம்மா அதில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் தேடினாள். மீன் வாடையும் இல்லை, வேம்புலியின் வாடையும் இல்லை. அவ்வளவு சுத்தமாகத் துவைத்திருந்தாள்.