அகலக் கால் ஜீன்ஸும் செருப்பு போர்டும்

துணிக்கடையில் நிற்கிறவளுக்கு முகம் மறந்துபோகும், இடுப்பளவு மறக்காது. ரோட்டில் யாராவது "என்னைத் தெரியுதாக்கா?" என்று கேட்டால் என் கண் முதலில் இடுப்புக்குத்தான் போகும். ட்ரையல் ரூம் கதவுக்கு வெளியே கை நிறையத் துணியோடு நின்று கால் வீங்கியவர்களுக்கு இந்த வியாதியை நான் விளக்க வேண்டியதில்லை. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பெண்கள் ரெடிமேட் கடையில் இருக்கிறேன். இந்த வருஷம் எங்களைப் படுத்தி எடுத்தது வைட் லெக் ஜீன்ஸ்.

ஃபேன் காற்றில்

மத்தியானத்தில் கடையில் ஈ காக்கா இருக்காது. வாசல் பக்கம் தொங்கும் ஜீன்ஸ்களின் அகலமான கால்கள் ஃபேன் காற்றில் மெல்ல அசையும். தாம்பரம் பக்கமிருந்து ரயில் சத்தம் கேட்டால், எல்லாம் சேர்ந்து ஏதோ ஊருக்குக் கிளம்புவது போல எனக்குத் தோன்றும். இது கடற்கரைக்குப் போகும், இது மலைக்குப் போகும் என்று மனதுக்குள் டிக்கெட் போட்டுக்கொண்டு நிற்பேன்.

அப்படி நின்ற ஒரு மத்தியானம், கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் நீல ஜீன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் நிவேதா. சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும், முதல் நாள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போக ஆசை என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். உள்ளே கூப்பிட்டேன். சுடிதாரின் வலது காலை லேசாகத் தூக்கிக் காட்டினாள். முட்டி வரை இரும்புப் பட்டி வைத்த காலிப்பர், கீழே அதோடு சேர்ந்த ஷூ, கழற்றினால் நடக்க முடியாது. கதவில் எங்கள் முதலாளியம்மா மாட்டிய போர்டு: 'செருப்பை வெளியே விடவும்'. வெள்ளை டைல்ஸ் அவருக்கு உயிர். ஆனாலும் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "நீ ஷூவோடயே வாம்மா" என்றார். நிவேதா சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தாள். போன் நம்பரை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னாள்.

"எல்லாரும் வெறுங்கால்ல இருக்கறப்ப நான் மட்டும் ஷூவோட நடந்தா, கடையே என் காலத்தான் பாக்கும்க்கா."

பிடிச்சுக் கொடுங்க

வாசலில் ஆல்டரேஷன் மெஷின் போட்டிருப்பவர் ரஹீம் பாய். மறுநாள் ஒரு டீச்சரம்மா, மகளையும் மகள் எங்களிடம் வாங்கிய ஜீன்ஸையும் இழுத்துக்கொண்டு வந்தார். பெரிய சைஸைத் தலையில் கட்டிவிட்டோமாம். முட்டிக்குக் கீழே இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். பாயும் சாக்பீஸை எடுத்துவிட்டார். ஓடிப் போய்த் தடுத்தேன்.

அந்தப் பெண் மேலே போட்டிருந்தது தொளதொள குர்தி. அதுதான் கோளாறு. இடுப்போடு நிற்கும் குட்டை டாப் ஒன்றைக் கொடுத்து, முன்பக்கம் மட்டும் உள்ளே செருகிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். கீழே அகலம் என்றால் மேலே அடக்கம், இதில் வேறு சூத்திரம் கிடையாது. அவள் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கால்கள் இரண்டும் பாவாடை மாதிரி விரிந்து, மெதுவாக அடங்கின. இந்த அகலத்துக்குள் இரும்புப் பட்டியும் ஷூவும் தாராளமாகப் போகுமே என்று எனக்கு அந்த நிமிஷம் நிவேதாவின் ஞாபகம் வந்தது. பாய் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். டீச்சரம்மா மகளை மேலும் கீழும் பார்த்தார், முகம் இளகிவிட்டது.

"அகலக் கால் வைக்காதடின்னு சொல்லிச் சொல்லி வளத்தேன், கடைசில பேன்ட்லயே வச்சுட்டா."

முதலாளியம்மாவின் கணுக்கால்

முதலாளியம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. காலேஜ் தோழிகளோடு மாமல்லபுரம் போகிறார், ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஜீன்ஸில் வருவதாக ஏற்பாடு. சொந்த போர்டுக்கு மரியாதை கொடுத்து வெறுங்காலோடு நின்று அளவு கொடுத்தார். இந்த ஜீன்ஸுக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் அளவெடுக்க வேண்டும். "ரூல்ஸ் உங்களுதும்மா, நான் இன்னா சொல்றது" என்று முணுமுணுத்தபடி பாய் தரையோடு வெட்டித் தைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு, வாசலில் இறங்கி, ஹீல்ஸை மாட்டினார். கணுக்காலுக்கு மேலே நின்றது ஜீன்ஸ். மழைக்குத் தேங்கிய தண்ணீரில் நடக்கத் தூக்கிப் பிடித்தது போலவே இருந்தது. வெட்டிய துணி வளருமா? நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். ஆனால் கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அவர் முகம் சின்னப் பிள்ளை மாதிரி வாடியதைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. அவர் பார்வை மெல்ல உயர்ந்து போர்டில் போய் நின்றது.

"பாய், ஸ்க்ரூ டிரைவர் எடுங்க, மொதல்ல இந்தச் சனியனைக் கழட்டணும்."

டக் டக்

உடனே நிவேதாவுக்கு போன் போட்டேன். சனிக்கிழமை வந்தாள். கதவில் போர்டு இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகள். உள்ளே ஹீல்ஸ், ரப்பர் செருப்பு, மழைச் சேறு என்று வெள்ளை டைல்ஸ் அலங்கோலமாகக் கிடந்தது. அத்தனை பேர் செருப்புச் சத்தத்தோடு அவள் ஷூ சத்தமும் கலந்து உள்ளே போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ட்ரையல் ரூமில் ஸ்டூல் போட்டுவிட்டு வெளியே நின்றேன். ரொம்ப நேரம் கதவு திறக்கவில்லை. தொடையில் மாட்டிக்கொண்டதோ, பட்டியில் சிக்கிக்கொண்டதோ என்று கதவைத் தட்டக் கையை எடுத்தேன். கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை முன்பக்கம் செருகியிருக்க, நீல ஜீன்ஸ் பட்டிக்கு மேலே தண்ணீர் மாதிரி வழிந்து இறங்கியிருந்தது. ஃபேன் காற்று பட்டதும் இரண்டு காலும் ஒரே மாதிரி அசைந்தன. பாய் குனிந்து அளவு பார்த்தார். "ஷூ மறையற வரைக்கும் விட்டுடுங்க பாய், ஒண்ணுமே தெரியாது" என்றேன், நல்லது செய்கிற நினைப்பில். நிவேதா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"மறைக்கறதுக்கு இல்லக்கா, இதுவரைக்கும் எந்த ஜீன்ஸும் இது மேல ஏறினதில்ல, அதான், பாய், கொஞ்சம் மேலயே வைங்க, ஷூ புதுசு."

அகலக் கால் வைக்காதே என்று சொல்லிவைத்த பெரியவர்களில், அந்த டீச்சரம்மாவைத் தவிர, ஒருவர்கூட ட்ரையல் ரூம் வாசலில் நின்று பார்த்ததில்லை என்று மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியும்.