மாரா மரத்துப் பொந்தில் இருந்தவள்

1998-ஆம் ஆண்டு மே மாதம். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைக் காம்பரா ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இடையில் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடியும் மலைக்கு ஏறுவார்கள். பழைய சேலைகளில் கட்டிய தொட்டில்களை ஆட்டுவது, கஞ்சி ஊட்டுவது, மூக்கைத் துடைத்துவிடுவது, இதுதான் என் உத்தியோகம்.

காம்பராவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. காடு தொடங்கும் இடத்தில் 'பறவைகள் சரணாலயம்' என்று ஒரு பலகை நின்றது. மழையில் பாசி பிடித்து எழுத்தெல்லாம் பச்சையாகிவிட்டிருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவைகள் உள்ளே இருக்கின்றன என்று வெள்ளைக்காரர்கள் கழுத்தில் தூரக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை உறை மாட்டிக்கொண்டு வருவார்கள். நாள் முழுக்க நனைந்தும் ஒன்றையும் பார்க்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர்கள் தேடி வந்ததையெல்லாம் நான் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தூங்கிவிடும். மழை விட்டிருந்தால் ஓடையிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பும். அப்போதுதான் அந்த ஊர்வலம் வரும். பல சாதிப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து, பெண் வீட்டுக்குப் போகிற கூட்டம் போல இரைந்துகொண்டே கிளைக்குக் கிளை தாவும். முன்னால் தவிட்டு நிறக் குருவிகள், அவற்றின் பின்னால் நீள வால் கரிச்சான், அப்புறம் கண்ணைச் சுற்றிக் குங்குமம் அப்பியது போல ஒரு பெரிய குயில். கடைசியில் சிவந்த அலகோடு, யாரோ நீலச் சாயத்தில் முக்கி எடுத்தது போல, சிங்களத்தில் கெஹிபெல்லா என்று சொல்லும் பறவை. எல்லாம் கடந்து போய்விடும். காடு மறுபடியும் வாயை மூடிக்கொள்ளும். தொட்டில்கள் தாமாக ஆடிக்கொண்டிருக்கும். நான் விழித்திருந்து பார்த்தேனா, கனவு கண்டேனா என்று எனக்கே தெரியாது.

"வாயத் தொறந்துக்கிட்டு நிக்காத, அதுல ஒன்னு கூடு கட்டிறப் போகுது" என்று தாய்மார் என்னைக் கேலி செய்வார்கள். கட்டினால் கட்டட்டுமே என்று இருக்கும் எனக்கு.

அந்த மே மாதம் வெசாக் பண்டிகைக்குக் காகித விளக்குக் கூடுகள் கட்டத் தொடங்கியிருந்த நேரம், என் தலையில் இடி விழுந்தது. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். சண்டைக் காலம் அது. ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில், தமிழர் என்று அவரையும் கூட இருந்தவர்களையும் விசாரணைக்கென்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தப்பி வந்த ஒரு பையன் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சொன்னான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை. தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் அவரைத் தேடிக் கொழும்புக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலைக்கு மட்டும் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

அப்போதுதான் அந்தப் பறவையைக் கவனித்தேன். காம்பராவை ஒட்டி ஒரு கிழட்டு மாரா மரம் நின்றது. அதன் காய்ந்த கிளைகள் பிள்ளைகள் தலையில் விழுந்துவிடும் என்று நான்தான் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி, மரத்தை வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மரத்தின் பொந்து வாயை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்து, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கீறல் விட்டிருந்தது. சாம்பல் நிறத்தில், வளைந்த பெரிய மஞ்சள் அலகோடு ஒரு பறவை வந்து அந்தக் கீறலில் அத்திப்பழங்களைக் கொடுக்கும். தொண்டைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நிதானமாகக் கொடுக்கும். உள்ளேயிருந்து ஒரு அலகு நுனி வந்து வாங்கிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் அதைச் சிங்களத்தில் கேந்தெத்தா என்போம். இருவாட்சி என்று தமிழில் பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. பெண் முட்டையிடப் பொந்துக்குள் போனதும் வாசலைப் பூசிவிடும். குஞ்சு வளரும்வரை வெளியே வராது. ஆண் கொண்டு வந்து கொடுத்தால்தான் சாப்பாடு.

நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சாமிக்கு நேர்த்தி வைப்பவர்கள் உண்டு. நான் அந்தப் பறவையிடம் வைத்தேன். உள்ளே இருப்பவள் குஞ்சோடு வெளியே வந்துவிட்டால் என் வீட்டுக்காரரும் வந்துவிடுவார் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆண் பறவை வந்து போகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு வரும்.

இப்படி இருக்கும்போது ஒரு காலையில் மரம் வெட்டுகிறவர் வந்து நின்றார். நான் நச்சரித்தது வீண் போகவில்லை. பாதையோரம் ஆபத்தாக நின்ற மரங்களையெல்லாம் வெட்ட அவரை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். முதலில் காம்பரா மரம் என்று உத்தரவு. கேகாலைப் பக்கத்துச் சிங்களவர், முப்பது வயதிருக்கும். மெஷின் வாளைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். எங்களுக்கெல்லாம் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு; அக்காவை அக்கே என்றும் அண்ணனை அய்யே என்றும் கூப்பிடுவோம். ஆனால் அன்றைக்கு எனக்கு எந்தப் பாஷையும் வாயில் வரவில்லை. மரத்தின் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"என்ன அக்கே, மரம் விழுறது பயமா?" என்று அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"மரத்துக்கு இல்ல அய்யே. உள்ளுக்கு ஒருத்தி இருக்கா" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் ஏறினார். இறங்கி வரும்போது சிரிப்பு இல்லை. கீறலுக்குள் கண் தெரிந்ததாம். தன்னையே பார்த்ததாம். கொஞ்ச நேரம் மரத்தடியில் குந்தியிருந்தார்.

வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா, வாள் சத்தத்தைக் காணோமே என்று குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மரம் வெட்டுகிறவர் எழுந்து நின்று, தண்டு உள்ளே உக்கிப்போயிருக்கிறது, இந்த மழையில் வெட்டினால் முறுக்கிக்கொண்டு காம்பராக் கூரையில் விழும் என்றார். இன்றைக்குக் காய்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிடுகிறேன், தண்டை மற்ற மரங்களெல்லாம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கண்டக்டர் ஐயா தலையாட்டிவிட்டுப் போனார். காய்ந்த கிளைகளைக் கயிறு கட்டி, கைவாளால் அறுத்து, குழந்தையை இறக்குவது போல ஒவ்வொன்றாக இறக்கினார். மெஷின் வாளை இயக்கவே இல்லை. பிள்ளைகளுக்கு இனிப் பயமில்லை. அவளுக்கும் கொஞ்ச நாள் கிடைத்தது.

அதன் பிறகு அவர் பாதையோர மரங்களை வெட்டிக்கொண்டே போனார். தூரத்தில் வாள் சத்தம் கேட்கும். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பொந்தைப் பார்த்திருப்பேன். ஊர்வலமும் வந்து போகும்.

ஜூன் மாதம் காற்றும் மழையுமாக ஒரு நாள் அடித்து ஊற்றியது. மறுநாள் ஆண் பறவையைக் காணவில்லை. மழைதானே என்றிருந்தேன். அடுத்த நாளும் வரவில்லை. கீறலில் அலகு நுனி வந்து, திறந்து, மூடிக்கொண்டு உள்ளே போனது. காட்டுப் பக்கம் எந்தச் சிறகடிப்பு கேட்டாலும் எட்டி எட்டிப் பார்த்தேன். கஞ்சி அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

"புள்ளைகளப் பாக்குறியா, பொந்தப் பாக்குறியா?" என்று ஒருத்தி ஏசினாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரர் போய்விட்டார், இனி வரமாட்டார் என்றே எனக்குத் தோன்றிவிட்டது. நான் அழுதது பறவைக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த நேரம் மரம் வெட்டுகிறவர் தண்ணீர் கேட்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் தண்ணீரைக் குடிக்காமலே ஓடைப் பக்கம் போனார். காட்டோரத்தில் உதிர்ந்து கிடந்த அத்திப்பழங்களைச் சாரத்து மடியில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். காலில் கயிற்று வளையம் போட்டு, வழுக்கும் மரத்தில் ஏறினார். பழத்தைக் கீறலில் நீட்டியதும் "அம்மே!" என்று ஒரு சத்தம். அவள் விரலைக் கொத்திவிட்டாள். இரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, "எங்க வீட்டு நோனாவும் இப்பிடித்தான் அக்கே, லேட்டாப் போனா" என்றார் மேலே இருந்தபடியே. அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். இரண்டாவது பழத்தை அவள் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை அவர் வந்து ஏறுவார். ஆண் பறவை திரும்பி வரவே இல்லை. பருந்து அடித்ததோ, காற்றில் எங்கே போய் விழுந்ததோ தெரியாது. பால் கொடுக்க வரும் தாய்மார் பப்பாளித் துண்டு, சின்னச் சிவப்பு ஜேம் பழம், வாழைப்பழம் என்று ஏதாவது கொண்டு வந்து என்னிடம் கொடுப்பார்கள். என்னை ஏசினவள்தான் முதலில் கொண்டு வந்தாள். "பச்ச உடம்புக்காரி, பட்டினி கெடக்கக் கூடாது" என்றாள். கண்டக்டர் ஐயாவும் ஒரு நாள் பார்த்தார். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பார்க்காதவர் போலப் போய்விட்டார்.

ஒரு நாள் நல்ல மழையில் மரம் வெட்டுகிறவருக்குக் கால் வழுக்கிவிட்டது. இடுப்புக் கயிறு மட்டும் இல்லாவிட்டால் கதை முடிந்திருக்கும். அந்தரத்தில் ஆடி மரத்தில் மோதி, முழங்கை உரிந்துவிட்டது. கீழே இறங்கச் சொல்லிக் கத்தினேன். என் ஒருத்தியின் நேர்த்திக்காக இன்னொருத்தி தாலி அறுக்க வேண்டுமா என்று நினைத்தேன். போதும் அய்யே, விதி விட்ட வழி விடுங்கள் என்று கெஞ்சினேன். மழை விட்டதும் அவர் மறுபடி ஏறினார்.

கிட்டத்தட்ட மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு மத்தியானம், குழந்தைகள் தூங்கும் நேரம், டொக் டொக் என்று கேட்டது. பொந்து வாயிலிருந்து காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பிள்ளையை மாரோடு அணைத்தபடியே வெளியே வந்து நின்றார்கள். முதலில் கறுப்புக் கோடு போட்ட அலகு, பிறகு தலை, பிறகு அவள். மெலிந்து, வால் முழுதாக வளராமல், வெளிச்சத்துக்குக் கண் கூசி, ஒரு கிளை முண்டில் உட்கார்ந்தாள். உலகமே அவளுக்காகச் சத்தம் போடாமல் இருந்தது போல் இருந்தது. பிறகு சிறகை விரித்தாள். பொம்மென்ற ஓசையோடு எங்கள் தலைக்கு மேலே போய், ஓடையைத் தாண்டி, புகை போன்ற அந்தப் பனிக்குள் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளே வாயில் பழத்தோடு திரும்பி வந்து குஞ்சுக்குக் கொடுத்தாள். இரண்டொரு நாளில் குஞ்சும் தட்டுத்தடுமாறி அவள் பின்னால் பறந்து போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் மெஷின் வாள் அந்த மரத்துக்கு வந்தது. வேலையை முடித்து, லொறிக்காகக் காத்திருந்தவருக்கு நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். சொல்லாமல் அனுப்ப மனம் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனதையும், பறவையிடம் நான் வேண்டிக்கொண்டதையும் சிங்களத்தில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தம்பி ராணுவத்தில் இருப்பதாகவும், வடக்கே போனவன் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னாலிருந்து ஒரு சேதியும் இல்லை என்றும், அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் மெதுவாகச் சொன்னார். பிறகு தமிழில், "நானும் அதுகிட்டத்தான் கேட்டேன் அக்கே" என்றார்.

நான் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். லொறி வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஆவணியில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி, எலும்பும் தோலுமாக லயத்து வாசலில் வந்து நின்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அழுதேன், சிரித்தேன். எல்லாம் அடங்கின பிறகு மரம் வெட்டின அந்த மனிதரின் ஞாபகம் வந்தது. கேகாலைப் பக்கம் என்பதைத் தவிர, அவர் பெயரையோ ஊரையோ நான் கேட்டு வைக்கவில்லை. லொறிக்காரர்களிடம் விசாரித்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

இத்தனை வருடம் கழித்தும், இருவாட்சி ஒன்று பொம்மென்று தலைக்கு மேலே போனால் நான் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பேன். அவருடைய தம்பியும் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து போயிருக்க வேண்டும் என்று அதனிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.